கச்சையில் கட்டுண்ட டிராகன்

வெள்ளைக் குதிரையில் வந்த வீரனின் ஈட்டி டிராகனின் தலையில் பாய்ந்திருக்கிறது. ரத்தம் தரையில் சொட்டுகிறது. அதே டிராகனின் கழுத்தில் ஒரு வார். அதன் மறுமுனையை, வளர்ப்பு நாயைப் பிடித்திருப்பது போல ஓர் இளவரசி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் துளிப் பதற்றம் இல்லை. அவளைத் தின்ன வந்த மிருகம்தானே அது? பின் ஏன் அவள் கையில் வார்?

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள இந்த ஓவியத்தின் பெயர் 'புனித ஜார்ஜும் டிராகனும்'. ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் பாவ்லோ உச்செல்லோ 1470 வாக்கில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. அகலம் 74 செ.மீ.தான்.

விடை கதையில் இருக்கிறது. யாக்கோபு தெ வொராஜினே 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'பொன் புராணம்' சொல்வது இது: லிபியாவில் சிலேனா என்ற ஊரை ஒரு டிராகன் வதைத்தது. தினம் 2 ஆடு கொடுத்தார்கள். ஆடு குறைந்ததும் சீட்டுக் குலுக்கி மனிதர்களைக் கொடுத்தார்கள். ஒருநாள் சீட்டு அரசன் மகள் பெயருக்கு விழுந்தது. அவ்வழியே வந்த ஜார்ஜ் டிராகனைக் குத்திச் சாய்த்து, "உன் இடைக்கச்சையை அதன் கழுத்தில் கட்டு" என்றார். கட்டியதும் அது சாதுவாக அவள் பின்னால் நடந்தது.

குத்தியது முதலில், கட்டியது பிறகு. உச்செல்லோ இரண்டையும் ஒரே கணமாக்கிவிட்டார். அதை நம்பவைப்பது கோடுகள்தான். வலது மூலையில் வானம் சுழன்று புயலாகத் திரள்கிறது. புயலுக்கு முன்னே ஜார்ஜ்; அவர் ஈட்டி சாய்வாக இறங்கி டிராகனின் தலையில் முடிகிறது. அங்கிருந்து வார் கிளம்பி இளவரசியின் கைக்குப் போகிறது. நம் கண்ணும் அதே வழியில் வலமிருந்து இடம் போகிறது. அந்தச் சுழல் கடவுளின் துணை என்று கொள்வது வழக்கம். ஈட்டியின் வேகம் அங்கிருந்தே வருவதுபோல் இருப்பதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எதிர்ப்பக்கத்தில் வாய் பிளந்த இருட்டுக் குகை.

தரையைப் பாருங்கள். புல்கூட வெட்டி ஒட்டிய துண்டுகள் போலக் கிடக்கிறது. தூரத்தைக் கணக்கிட்டு வரையும் 'பெர்ஸ்பெக்டிவ்' கலையில் வாழ்நாள் முழுக்க ஊறியவர் உச்செல்லோ. அந்தத் துண்டுகளின் விளிம்புகள் நம் பார்வையை ஆழத்துக்கு இழுக்கின்றன. டிராகனின் சிறகிலோ வட்ட வட்டமாகப் பொட்டுகள், பட்டாம்பூச்சிக்கு இருப்பது போல. இவ்வளவு பயங்கரமான மிருகத்துக்கு அவ்வளவு அழகான சிறகு!

இதே கதையை அவர் முன்பே ஒருமுறை வரைந்திருக்கிறார். அது பாரிஸில் ழாக்மார்-ஆந்த்ரே அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னால் வயல்களும் மதில் சூழ்ந்த நகரமும் தெரிகின்றன. அதில் இளவரசி கைகூப்பி வேண்டியபடி நிற்கிறாள்.