கிராணியின் புத்தகத்துக்கு ஒரு நகல்

மலேசியாவின் கெடா மாநிலப் பால்மரத் தோட்டங்களில் விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் வாசிப்பார்கள். வந்தவரைத் தோட்டக் கணக்கரான கிராணி புத்தகத்தில் குறிப்பார். மேற்பார்வையாளரான தண்டல் ஆளை மர நிரைக்கு அனுப்புவார். வெட்டி முடித்து வாளியோடு ஸ்டோருக்கு வந்தால் பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு ரப்பர் அளவு பார்த்து, அதையும் எழுதிக்கொள்வார்கள். ஆள், நிரை, எடை, கூலி என்று படிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் எழுதிய புத்தகம் ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது. மாதக் கடைசியில் ஒரு நாள் பெயர் விடுபட்டிருந்தால், வெட்டியவரிடம் இருப்பது ஞாபகம்; ஆபீசில் இருப்பது எழுத்து. அந்த வழக்கில் ஞாபகம் ஜெயிப்பது அரிது.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் கூலிமில் திறக்கப்பட்டது. பீடோங், பாடாங் செராய், லுனாஸ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலை எட்டும் தூரத்துக்கு வந்தது. நிறுவனங்களின் விடுப்பு, சம்பளம், புகார் எல்லாம் மெல்லக் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. டெலிகிராம் 2015இல் பாட்களுக்குக் கதவு திறந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் வேலைப் படிகளைக் கோத்துக்கொள்ளும் கருவியை அலுவலகச் செயலியான ஸ்லாக் 2019இல் கொண்டுவந்தது. விடுப்பையும் புகாரையும் வாங்கிக்கொள்ள ஒரு தோட்டமோ தொழிற்சாலையோ சாட்பாட் செய்ய நினைத்தால், அது எவ்வளவு அழகாகப் பேசுகிறது என்பது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு படியின் நகலும் தொழிலாளி கைக்குப் போகிறதா என்பதே முதல் கேள்வி.

நோய் விடுப்பையே எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் டாக்டர் எம்.சி. என்ற மருத்துவச் சான்று கொடுத்திருந்தாலும், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ இல்லையென்றால், அது அனுமதியில்லாத விடுப்பாகிவிடும். ‘முயன்றேன்’ என்பதை எப்படி நிரூபிப்பது? தண்டலிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. சாட்பாட்டில் ‘நோய் விடுப்பு’ என்பதைத் தொட்டு, தேதியைத் தேர்ந்து, எம்.சி.யைப் படமெடுத்து அனுப்பினால், எத்தனை மணிக்குப் பதிவாயிற்று என்ற ரசீது அதே நிமிடம் திரும்பி வரவேண்டும். அப்படி வந்தால் சட்டம் கேட்கும் சான்று தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கும். வராவிட்டால், கிராணியின் பழைய புத்தகத்துக்குக் கண்ணாடித் திரை போட்டதுதான் மிச்சம்.

படிகளை அமைப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஒரு செய்தியில் ஒரே கேள்வி. முன் படிக்குத் திரும்ப வழி. செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் அறுந்தால், மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். அதற்கு ஒவ்வொரு பதிலையும் அவ்வப்போதே சேமிக்க வேண்டும். தமிழுக்குத் தனிக் கணக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில், அதாவது நம்மவர் சொல்லும் புலனத்தில், ஒரு செய்திக்கு மூன்று பதில் பொத்தான்கள்தாம். ஒன்றில் 20 குறிகளுக்கு மேல் எழுத முடியாது. ‘விடுப்பு விண்ணப்பம்’ கண்ணுக்குப் பத்து எழுத்து. யூனிகோடு புள்ளியையும் உயிர்க்குறியையும் தனியாக எண்ணுவதால், இடைவெளியோடு அது 19 ஆகிவிடும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்த்தால் தமிழ் பொத்தானுக்குள் அடங்காது. சொல்லை முதலிலேயே தமிழிலும் மலாயிலும் யோசிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு தாராளமாகப் பேசும் காலத்தில் பொத்தானும் படியும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்பதைப் புரிந்துகொள்ள அது உதவட்டும். உரிமையை முடிவுசெய்யும் இடத்தில் அதற்கு வேலையில்லை. உறவினர் இறப்புக்கான கட்டணச் சலுகை குறித்து ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தீர்ப்பாயம் 2024இல் முடிவு சொன்னது. பயணச்சீட்டில் நேர்ந்தது பேறுகால விடுப்பிலும் நேரலாம். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் அது 98 நாள். இயந்திரம் பழைய கணக்கில் 60 என்று உளறினால், அடிபடுவது தாயும் பிள்ளையும். முன்கூட்டியே எழுதிச் சரிபார்த்த படிகளில் அந்த ஆபத்து குறைவு. பிழை இருந்தாலும் எந்தப் படியில் என்று காட்டித் திருத்தலாம்.

இது இயந்திரக் கங்காணிதானே என்ற மறுப்பு இன்னும் கனமானது. வந்த நேரம், போன இடம், கழிவறையில் கழித்த நிமிடம் என எல்லாவற்றையும் கேட்கும் சாட்பாட் கங்காணியேதான். அதைத் தடுப்பது தொழிலாளி கேட்க, நிறுவனம் பதில் சொல்லும் திசையில் படிகளை அமைப்பது. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுதினால் 60 நாளுக்குள் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதவேண்டும் என்கிறது அதே வேலைவாய்ப்புச் சட்டம். எனவே ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தும் மேலாளருக்கும் ஒரு கட்டாயப் படி இருக்கட்டும்: காரணத்தை எழுதாமல் அது நகரக்கூடாது. வயதானவர், தட்டச்சு வராதவர், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர் என்ன செய்வார்கள்? அவரவர் மொழியும், குரலில் சொல்லும் வழியும், ‘ஆளிடம் பேச வேண்டும்’ என்ற பொத்தானும் ஒவ்வொரு படியிலும் இருக்கவேண்டும். கிராணியை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் சாட்பாட்டை உட்காரவைப்பது சிக்கனமல்ல. கேள்வி கேட்க ஆளில்லாமல் செய்வது.

கடைசியாக ஒரு சோதனை. கம்பெனி கொடுத்த கணக்கில் இயங்கும் சாட்பாட்டில், வேலையை விட்டு நின்ற அன்றே கணக்கு மூடப்படலாம். ரசீதுகளும் அதோடு போய்விடும். வழக்கு வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆகவே நகல் தொழிலாளியின் சொந்தக் கைப்பேசிக்கோ, காகிதத்திலோ அவரிடம் போய்ச் சேரவேண்டும். வேலை போன மறுநாளும் அந்த ரசீதை அவரால் எடுத்துக் காட்ட முடிந்தால்தான், புத்தகம் இரண்டாகிவிட்டது என்று சொல்லலாம்.