வீட்டில் தயாரிக்கும் பியர்: முதிர்வும் வலிமையும்

கடையில் விற்கும் பியர் புட்டியின் மீது ஆல்கஹால் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் தயாரித்து அடைத்த புட்டியில் அந்த விவரம் இருக்காது. அதன் வலிமையைத் தயாரிப்பவரே அளந்து அறிய வேண்டும். நாள்பட நாள்பட வலிமை கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பது சரியன்று. வலிமையை முடிவு செய்வது நொதித்தல். முதிர்வு மாற்றுவது பெரும்பாலும் சுவையையே.

சட்ட நிலை

பிரித்தானியாவில் 1880 முதல் வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மோட்லிங் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதன்பின் சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிப்பது அங்கே பரவலான பொழுதுபோக்காயிற்று. உரிமமின்றி விற்பதற்கு மட்டும் இன்றும் தடை உண்டு. தமிழ்நாட்டின் நிலை வேறு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது இங்கே குற்றமாகும்.

வலிமையை அளத்தல்

முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து எடுக்கும் இனிப்புச் சாற்றில் ஹாப்ஸ் பூக்களை இட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்ப்பர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்கும். சர்க்கரை கரைந்த நீர் தூய நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆல்கஹால் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே நொதிக்க நொதிக்கச் சாற்றின் அடர்த்தி குறைகிறது.

இந்தக் குறைவை ஹைட்ரோமீட்டர் எனப்படும் திரவமானியால் அளக்கலாம். பாலைச் சோதிக்கும் பால்மானியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். அடர்த்தி மிக்க நீர்மத்தில் கருவி உயர்ந்து மிதக்கும். அடர்த்தி குறைந்ததில் ஆழ்ந்து நிற்கும். பியர் தொழிலில் இக்கருவியின் பயனை விளக்கி, இங்கிலாந்தின் ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் நூல் வெளியிட்டார்.

அளவு இரண்டு முறை எடுக்கப்படும்: ஈஸ்ட் சேர்க்கும் முன் ஒன்று (தொடக்க ஒப்படர்த்தி), நொதித்து முடிந்தபின் ஒன்று (இறுதி ஒப்படர்த்தி). இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் கன அளவு விழுக்காடு தோராயமாகக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: தொடக்கம் 1.044, இறுதி 1.010. வேறுபாடு 0.034. அதை 131.25ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4.5 விழுக்காடு.

அளக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். கருவியில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையில் (பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ்) நீர்மம் இருக்க வேண்டும். சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். மாதிரியை நன்கு கலக்கி வாயுவையும் வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் குமிழ்கள் கருவியைத் தூக்கிவிடும்.

புட்டியில் அடைக்கும் முன்

புட்டியில் நுரை உண்டாக லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்ப்பர். எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும். இதனால் வலிமையும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை கூடும். மேற்கண்ட பியர் 4.8 விழுக்காட்டை எட்டிவிடும்.

ஆபத்து இருப்பதும் இந்தக் கட்டத்தில்தான். 1.010 வரை இறங்க வேண்டிய சாற்றை 1.016இல் அவசரப்பட்டு அடைத்ததாகக் கொள்வோம். அந்த 0.006 வேறுபாடு லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரைக்குச் சமம். சேர்த்த 6 கிராமுடன் மொத்தம் 18 கிராம், அதாவது தேவையைப் போல் மூன்று மடங்கு. மூடிய புட்டிக்குள் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். கண்ணாடி வெடித்துச் சிதறலாம். குமிழ் நின்றுவிட்டது என்பது போதுமான அடையாளம் அன்று. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்த பின்னரே அடைக்க வேண்டும். அழுத்தம் தாங்கும் பியர் புட்டிகளையே பயன்படுத்த வேண்டும்.

முதிர்வு

அடைத்த புட்டிகளை முதலில் 18 முதல் 22 பாகை வெப்பத்தில் இரண்டு வாரம் வைப்பர். வாயு உருவாவது அப்போதுதான். பிறகு குளிர்ந்த இருட்டான இடத்துக்கு மாற்றுவர். இளம் பியரில் பச்சை ஆப்பிள் மணம் தரும் அசிட்டால்டிஹைடும், வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலும் இருக்கக்கூடும். ஈஸ்ட் இவற்றை மெல்ல உட்கொள்வதால் சுவை சீராகிறது. கலங்கலும் அடியில் படிகிறது.

எவ்வளவு காலம் வைப்பது என்பது வகையைப் பொறுத்தது. சாதாரண வலிமையுள்ள பியர் சில வாரங்களில் தயாராகிவிடும். வலிமை மிக்க கரும்பியர் பல மாதங்கள் வைத்தால் மேம்படும். ஹாப்ஸ் மணத்துக்காகவே தயாரிக்கப்படும் பியரை விரைவில் அருந்திவிட வேண்டும். வைக்க வைக்க அந்த மணம் மங்கும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள்கள் மாறித் துர்நாற்றம் வரும். பழுப்பு நிறப் புட்டி இதைப் பெருமளவு தடுக்கும்.

தொடக்க அளவு தெரியாதபோது

நிறம், நுரை, கசப்பு ஆகியவற்றைக் கொண்டு வலிமையைக் கணிக்க முடியாது. கறுப்பாக இருக்கும் பியர் 4 விழுக்காடாகவும், வெளிறிய பியர் 8 விழுக்காடாகவும் இருக்கலாம். நிறத்தைத் தருவது தானியத்தை வறுத்த பதம். இறுதி ஒப்படர்த்தியை மட்டும் அளப்பதும் போதாது. எவ்வளவு சர்க்கரையிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது என்பதை அது சொல்லாது.

இதற்கு ஒரு வழி உண்டு. வாயு நீக்கிய பியரின் ஒப்படர்த்தியை முதலில் அளக்க வேண்டும். பிறகு அதில் குறித்த அளவை எடுத்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் ஆல்கஹால் ஆவியாகிவிடும். தூய நீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அதே வெப்பநிலையில் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளின் வேறுபாடு சுமார் 0.007 என்றால் வலிமை ஏறத்தாழ 5 விழுக்காடு. வேறுபாடு மிகச் சிறியது என்பதால் நுட்பமான கருவி தேவை.

அருந்துபவருக்கு இக்கணக்கு ஏன் தேவை?

பிரித்தானியாவில் 10 மில்லி லிட்டர் தூய ஆல்கஹால் ஓர் அலகு எனக் கொள்ளப்படுகிறது. 4.8 விழுக்காடு வலிமையுள்ள 500 மில்லி லிட்டர் பியரில் 24 மில்லி லிட்டர், அதாவது 2.4 அலகு உள்ளது. அதே அளவு புட்டியில் 8 விழுக்காடு பியர் இருந்தால் 4 அலகு. வாரத்துக்கு 14 அலகுக்கு மேல் வேண்டாம் என்பது 2016 முதல் அந்நாட்டு மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. முதிர்ந்து சுவை மென்மையான பியர் வலிமை குறைந்ததுபோலத் தோன்றும், ஆல்கஹால் குறைந்திருக்காது. எனவே புட்டியில் அடைத்த நாளையும், இரு ஒப்படர்த்திகளையும், கணக்கிட்ட விழுக்காட்டையும் எழுதி ஒட்டி வைப்பது அவசியம். பிறருக்குக் கொடுக்கும் புட்டி என்றால், தாம் அருந்துவது எவ்வளவு என்பதை அவர்கள் அறிய அந்தச் சீட்டைத் தவிர வேறு வழியில்லை.