சிறு சபைகளின் போதகர்கள்: தொண்டுக்கும் வழக்குக்கும் நடுவே

புது தில்லி: மணிக்கூண்டு இல்லை, பெயர்ப் பலகை இல்லை. ஒரு வீட்டின் முன்கூடத்தில் இருபது, முப்பது பேர் கூடி ஜெபிக்கின்றனர். வட மாநிலக் கிராமங்கள் பலவற்றில் கிறிஸ்தவ சபை என்பது இவ்வளவே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். தமிழகத்தில் 6.12 சதவீதமாக உள்ள இவர்கள், உத்தரப் பிரதேசத்தில் 0.18 சதவீதம், பிகாரில் 0.12 சதவீதம் மட்டுமே.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர் சபையை நடத்தும் உபதேசியாருக்குச் சேகரமும் திருமண்டலமும் துணை நிற்கின்றன. வடக்கே தனித்தியங்கும் சிறு சபையின் போதகருக்கு அத்தகைய பின்பலம் கிடையாது. காணிக்கை, குடும்பத்தை நடத்தப் போதாது. எனவே வேறு தொழிலும் பார்க்க வேண்டும். நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பது, மனு எழுதித் தருவது, குடும்பச் சண்டையைத் தீர்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது என அனைத்தும் அவர் பொறுப்பு. சபையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் அவர். சிறு சபையின் பலம் அதுவே.

பலவீனமும் அங்கேதான் உள்ளது. மேற்பார்வையோ தணிக்கையோ இல்லாத இடத்தில், ஒரே மனிதரின் நேர்மையை நம்பியே சபை நிற்கிறது. முறையான பயிற்சி பெறாதோரும் போதகராகிவிடுகின்றனர் என்ற குறை திருச்சபை வட்டாரங்களிலேயே உண்டு.

நாடாளுமன்றம் நிராகரித்தது

ஏழைகளை ஆசைகாட்டி மதம் மாற்றுவதைத் தடுக்கவே சட்டம் என்பது மாநில அரசுகளின் வாதம். மதமாற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனிநபர் மசோதா ஒன்று 1954-இல் மக்களவைக்கு வந்தது. தீய முறைகளை அது ஒழிக்காது. பலரை அலைக்கழிக்கவே உதவும் என்று பிரதமர் நேரு எதிர்த்தார். 1955-இல் மசோதா நிராகரிக்கப்பட்டது.

மத்தியில் மூடிய கதவு மாநிலங்களில் திறந்தது. 1967-இல் ஒரிசாவும், 1968-இல் மத்தியப் பிரதேசமும் சட்டம் இயற்றின. மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று கூறி, 1977-இல் உச்ச நீதிமன்றம் இவ்விரு சட்டங்களையும் ஏற்றது. தமிழகத்தில் 2002-இல் வந்த இத்தகைய சட்டம், 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் கைவிடப்பட்டது.

உத்தரப் பிரதேசத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதமாற்றச் சடங்கை நடத்துபவர் ஒரு மாதம் முன்னதாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டாயமோ ஏமாற்றோ இல்லை என நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவரையே சேரும். 2024-இல் வந்த திருத்தம், யார் வேண்டுமானாலும் புகார் அளிக்க வழிசெய்தது. உச்சபட்ச தண்டனையை ஆயுள் சிறையாகவும் உயர்த்தியது.

இச்சட்டத்தின் கீழ் பதிவான சில வழக்குகளை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றவியல் சட்டம் அப்பாவிகளைத் துன்புறுத்தும் கருவியாகக் கூடாது என்றும் கண்டித்தது. ஆனால், உச்ச நீதிமன்றம் வரை வர வழக்கறிஞரும் பணமும் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இயல்வது, முப்பது பேர் கொண்ட சபையின் போதகருக்கு எளிதன்று. அவர் சில மாதங்கள் சிறையில் இருந்தாலே சபை கலைந்துவிடக்கூடும்.

பறிபோகும் பாதுகாப்பு

போதகர் தலித்தாக இருந்தால் இழப்பு இரட்டிப்பாகிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவர். சாதி சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாக ஒரு போதகர் தொடுத்த வழக்கில், மதம் மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்தத் தகுதியை வழங்கலாம் என்ற ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் பரிந்துரை, 2009-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதோடு நின்றது. இதே பிரச்னையை ஆராய, 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் 2025 ஜனவரி 7 அன்று ஒரு கிராமப் போதகர் இறந்தார். அவரைச் சொந்த ஊரில் புதைக்கக் கிராமத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். சடலம் சவக்கிடங்கில் கிடக்க, மகன் உச்ச நீதிமன்றம் வந்தார். சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் ஒரு நீதிபதி. கூடாது என்றார் மற்றவர். இறுதியில், ஜனவரி 27 அன்று, இருபது கிலோ மீட்டருக்கும் அப்பாலுள்ள கிறிஸ்தவக் கல்லறையில் காவல் துறைப் பாதுகாப்புடன் அடக்கம் செய்ய உத்தரவாயிற்று.

கட்டாய மதமாற்றம் குற்றம் என்பதில் திருச்சபைகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவரும் தரும் புகாரால் தொடங்கும் வழக்கில், கூட்டு ஜெபத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தீர்மானிப்பவர் காவல் நிலைய அதிகாரி. மதச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் தரும் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சிறு சபைகளைப் பொறுத்தவரை, அந்தக் காவல் நிலையத்திலேயே சோதிக்கப்படுகிறது.