பல்லால் கடித்த தோட்டா!

தோட்டா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் குட்டீஸ்? சினிமாவில் வில்லன் பெல்ட்டில் வரிசையாகச் சொருகி வைத்திருப்பாரே, பளபளக்கும் பித்தளைத் தோட்டா... அதுதானே? ஆனால், 1850களில் தோட்டா என்பது விரல் நீளக் காகிதச் சுருள்தான்!

'கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்து 1857ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்' என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தோட்டாவை எதற்குக் கடிக்க வேண்டும்? அதில் ஏன் கொழுப்பு? கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அந்தத் துப்பாக்கியின் பெயர் என்பீல்டு. 1853ல் இங்கிலாந்தில் உருவானது. நாலரை அடி உயரம். உங்களில் பலரைவிட உயரமாக இருக்கும்! பழைய துப்பாக்கிகளின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். இதன் குழலுக்குள்ளோ திருகாணி போலச் சுழன்று செல்லும் 3 பள்ளங்கள். அவற்றில் உரசிச் சுழன்றபடி குண்டு பாய்வதால், குறி தப்பாமல் வெகு தூரம் போகும்.

காகிதச் சுருளின் ஒரு முனையில் கரிமருந்து, மறுமுனையில் ஈயக்குண்டு. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்ததுதான் கரிமருந்து. (ஆங்கிலேயர் வெடியுப்பைப் பெருமளவு வாங்கியது எங்கிருந்து தெரியுமா? நம் பீகாரிலிருந்து!) லண்டன் அருகே வூல்விச் தொழிற்சாலையில் இந்தச் சுருள்களைச் சுற்றியவர்களில் உங்கள் வயதுப் பையன்களும் உண்டு. பாவம், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது!

வீரரின் ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும். இன்னொரு கையில் தோட்டா. காகிதத்தை யார் கிழிப்பது? பல்தான்! கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, சுருளைத் தலைகீழாகத் திருப்பி குண்டைச் செருகி, நீண்ட கம்பியால் இடித்து உள்ளே தள்ள வேண்டும். அதனால்தான் அந்தக் காலப் படையில் சேர முன்பல் அவசியம்.

சரி, கொழுப்பு? கரிமருந்து எரிந்தால் வெறும் புகையாகப் போய்விடாது. கரியும் கசடுமாக ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடும். சில முறை சுட்டதுமே பள்ளங்கள் அடைத்து, அடுத்த குண்டு இறங்காது. கசடை இளக்கி, குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கத்தான் அந்தக் கொழுப்பு.

கொழுப்பு தடவியது குண்டு இருந்த முனையில். கடித்தது மருந்து இருந்த முனையை. ஆனாலும், ஒரே பையில் உரசிக் கிடக்கும் சுருள்களில் கொழுப்பு பரவாது என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

கல்கத்தா அருகே உள்ள டம்டமில் 1857 ஜனவரியில் பேச்சு கிளம்பியது... 'அது பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு!' பசு இந்துக்களுக்குப் புனிதம். பன்றி முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது. எந்த விலங்கின் கொழுப்பு என்று அதிகாரிகள் கவனித்து வாங்கவே இல்லை. அதுதான் பெரிய தவறு. இத்தனைக்கும் 1806ல் வேலூரில் தலைப்பாகை விஷயத்தில் பட்ட அனுபவம் இருந்தது!

பிறகு விழித்துக்கொண்டார்கள். 'உங்களுக்குப் பிடித்த எண்ணெயையோ மெழுகையோ நீங்களே தடவிக்கொள்ளலாம்' என்றனர். 'கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும்' என்றும் மாற்றினர். யாரும் நம்பவில்லை. நாடுகளைப் பறித்தது, சம்பளக் குறை என்று ஏற்கெனவே மனத்தாங்கல்கள் ஏராளம்.

ஏப்ரல் 24ல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களிடம் தோட்டாவை நீட்டினார்கள். அவை வழக்கமான பழைய தோட்டாக்கள்தான். ஆனாலும் 85 பேர் தொட மறுத்தனர். பெரும்பாலோருக்கு 10 ஆண்டு கடுங்காவல். மே 9ல், மற்ற வீரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்திலேயே அவர்கள் காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை சிறைக்கதவு உடைந்தது. வீரர்கள் டெல்லியை நோக்கிக் கிளம்பினார்கள்.

1866ல் பிரிட்டிஷ் ராணுவம் என்பீல்டின் பின்பக்கத்தை வெட்டி, அங்கே ஒரு மூடி வைத்தது. அதைத் திறந்து பித்தளைத் தோட்டாவைச் செருகினால் போதும். கம்பியால் இடிக்கும் வேலையும் இல்லை. பல்லுக்கும் வேலை இல்லை!