ஒருவரும் உண்டறியாத பர்கர்

மூடும் நாளை முன்பே குறித்துக்கொண்டு, சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் நடத்துவதற்காகத் திறக்கப்படும் உணவகத்தை அமெரிக்காவில் ‘பாப்-அப்’ உணவகம் என்கிறார்கள். திருவிழா முடிந்ததும் பிரித்துச் சுருட்டப்படும் கடை போன்றது என்றால் பாதி விளங்கும். ஆனால் இது பெரும்பாலும் பந்தலில் அல்லாமல், வாடகைக்கு ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குள் நடைபெறுவது. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் பெருநகரங்களில் கடைகள் காலியாகவே, சில மாத வாடகை வந்தாலும் போதும் என்று உரிமையாளர்கள் இறங்கிவந்ததும், நீண்ட குத்தகைக்கு முதல் இல்லாத சமையற்கலைஞர்கள் தங்கள் கைப்பக்குவத்தைச் சோதித்துப் பார்க்க இடம் தேடியதும் இம்முறை பரவ வழிசெய்தன. அதிலிருந்து பிரிந்த ஒரு கிளைதான், பழைய தொலைக்காட்சித் தொடர்களில் கதைமாந்தர் கூடிப் பேசும் உணவகங்களை நிஜத்தில் கட்டி, அத்தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சோறு போடும் தொழில்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சிகாகோவில் கிடைக்கிறது. என்.பி.சி. தொலைக்காட்சியில் 1989 முதல் 1993 வரை ஒளிபரப்பான ‘சேவ்ட் பை தி பெல்’ என்ற பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடரில், பேசைடு என்னும் கற்பனைப் பள்ளியின் மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் ‘தி மேக்ஸ்’ என்ற உணவகத்தில் கூடுவார்கள். காதல், சண்டை, சமாதானம் ஆகிய அனைத்தும் பளிச்சென்ற வண்ணங்களும் முக்கோண வட்ட வடிவங்களும் நிறைந்த அந்த அறையில் நிகழும். 2016ஆம் ஆண்டு சிகாகோவின் விக்கர் பார்க் பகுதியில் அந்த அறையை அப்படியே எழுப்பி, ‘சேவ்ட் பை தி மேக்ஸ்’ என்று பெயரிட்டு, முன்பணம் கட்டி நேரம் குறித்த சீட்டு வாங்கியவர்களை உள்ளே விட்டார்கள். படம் எடுத்துக்கொள்வதற்கென்று பள்ளி லாக்கர்களின் வரிசையும் அங்கே இருந்தது. குறுகிய காலத்துக்கென்று திட்டமிட்டது, சீட்டுகள் விற்றுத் தீர்ந்துகொண்டே இருந்ததால் அடுத்த ஆண்டு வரை நீண்டது.

அங்கிருந்த உணவுப் பட்டியல் ஊன்றிப் படிக்கத் தக்கது. சிறு ரொட்டிக்குள் இறைச்சி வைத்த குட்டி பர்கரை அமெரிக்கர் ‘ஸ்லைடர்’ என்பர். தொடரின் நாயகர்களுள் ஒருவன் பெயர் ஏ.சி. ஸ்லேட்டர்; ஆகவே பட்டியலில் அது ‘ஏ.சி. ஸ்லைடர்ஸ்’ ஆயிற்று. மக்ரோனியைப் பாலாடைக்கட்டிக் குழம்பில் புரட்டிய ‘மேக் அண்ட் சீஸ்’, தொடரின் கோமாளிப் பாத்திரமான ஸ்க்ரீச்சின் பெயரை ஏற்று ‘மேக் அண்ட் ஸ்க்ரீச்’ ஆயிற்று. இவற்றைச் சமைக்க அழைக்கப்பட்டவரோ, மிஷெலின் நட்சத்திரம் பெற்ற சமையலறையில் பணியாற்றிய பிரையன் ஃபிஷர். மிஷெலின் என்பது உணவகங்களுக்குத் தரம் வழங்கும் பிரெஞ்சு வழிகாட்டி நூல். அதன் ஒற்றை நட்சத்திரத்துக்காகவே ஆயுளைச் செலவிடும் சமையற்கலைஞர்கள் உண்டு. அத்தகைய கைகளைச் சிலேடைப் பெயர் சூட்டிய பள்ளிக்கூடத் தீனிக்கு வரவழைத்தது முதற்பார்வைக்கு வீண்செலவாகத் தோன்றலாம். உண்மையில் அது நல்ல கணக்கு.

ஏனெனில் இவ்வகை ஏக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. தி மேக்ஸின் பர்கரை ஒருவரும் உண்டதில்லை. திரையில் அது தட்டில் வந்தது, மாந்தர் கடித்தார்கள், காட்சி மாறியது. அதன் மணமும் சுவையும் பார்த்தவர் எவருக்கும் தெரியாது. ஆகவே சுவை எப்படியிருந்தாலும் ‘பழைய ருசி இல்லை’ என்று குறைசொல்ல எவருக்கும் வழியில்லை. சமையற்காரருக்கு இதைவிடப் பெரிய விடுதலை வேறில்லை. மாறாக, நாற்காலியின் நிறமோ சுவரின் வடிவமோ ஓர் இம்மி பிசகினாலும் வந்தவர் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் அவற்றை அவர் நூறு முறை பார்த்திருக்கிறார். இங்கே தேர்வு எழுதுவது தச்சரும் வண்ணம் பூசுபவரும்தான்.

உண்டறிந்த உணவை நினைவூட்ட முனைந்தால் நிலைமை தலைகீழாகும். அதே சிகாகோவில் கிராண்ட் ஏகட்ஸ் என்னும் புகழ்பெற்ற சமையற்கலைஞர் 2011இல் திறந்த ‘நெக்ஸ்ட்’ உணவகம், சில மாதங்களுக்கு ஒருமுறை உணவுப் பட்டியல் முழுவதையும் மாற்றுவது. நாடகக் கொட்டகை போல முன்கூட்டியே சீட்டு விற்பது. 1906ஆம் ஆண்டுப் பாரிஸை முதற்பட்டியலாகக் கொண்ட அவ்வுணவகம், 2011இன் இறுதியில் ‘குழந்தைப் பருவம்’ என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டது. பரிசுப்பொருள் போலக் காகிதம் சுற்றிய பெட்டியில் வேர்க்கடலை வெண்ணெயும் பழக்கூழும் சேர்ந்த ஒரு வாய்க் கவளம் வந்தது. மேசைக்குப் பழைய பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டிகள் வந்தன. வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும் தடவிய ரொட்டி, அமெரிக்கத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கும் அன்றாட உணவு. அதன் சுவைக்கு ஒவ்வொருவர் நாவிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலுக்கு முன் நிற்கத் துணிந்தது என்பதாலேயே, இரண்டில் நெக்ஸ்டின் முயற்சியைச் சமையல் என்றும், தி மேக்ஸை அரங்க நிர்மாணம் என்றும் கொள்வது பொருந்தும்.

அவ்வாறாயின் மக்கள் தி மேக்ஸ் போன்ற இடங்களுக்கு எதற்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு, அவர்கள் பெரும்பாலும் தனியே போவதில்லை என்பதே தொடக்க விடை. கடந்தகால ஏக்கத்தைக் குறிக்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல், வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாஸல் நகரில் உருவாக்கியது; அந்நிய மண்ணில் வாடிய சுவிட்சர்லாந்துக்காரர்களின் நோயாக அவர் அதைக் கருதினார். நோய் என்ற அந்தக் கருத்து இன்று மாறிவிட்டது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் டிம் வில்ட்ஷுட், கான்ஸ்டன்டைன் செடிகிடீஸ் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏக்கத்தோடு நினைவுகூரப்படும் நிகழ்வுகளில் நெருங்கிய மனிதர்கள் பெரும்பாலும் உடன் இருக்கிறார்கள். தனிமை உணர்வு அவ்வேக்கத்தைக் கிளப்ப, அந்த ஏக்கமே பிறரோடு பிணைந்திருக்கும் உணர்வைத் திருப்பித் தருகிறது. 1990இல் பன்னிரண்டு வயதில் சனிக்கிழமைக் காலைகளில் ‘சேவ்ட் பை தி பெல்’ தொடரைப் பார்த்தவருக்கு 2016இல் முப்பத்தெட்டு வயது. அவருடைய பிள்ளைகளுக்கோ ‘மேக் அண்ட் ஸ்க்ரீச்’ வெறும் மக்ரோனி. அந்தப் பெயரைப் படித்ததும் எதிரில் இருப்பவரும் அதே நொடியில் சிரிக்க வேண்டும். விளக்கம் சொன்னால் சிலேடை செத்துவிடும். ஆகவே இத்தகைய மேசைக்கு உடன் வரத் தகுதியுள்ளவர் அதே காலத்தில் அதே தொலைக்காட்சியின் முன் வளர்ந்த நண்பர்தான்.

இந்த மனநிலையை நிறுவனங்கள் அறிந்தே பயன்படுத்துகின்றன. ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2014 செப்டம்பர், அக்டோபரில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் அத்தொடரின் ‘சென்ட்ரல் பெர்க்’ காபிக் கடை ஒரு மாதம் எழுப்பப்பட்டது; காபி இலவசம், மக்கள் வரிசையில் நின்றது தொடரில் வரும் ஆரஞ்சு நிற சோபாவில் உட்கார. ‘கில்மோர் கேர்ல்ஸ்’ தொடரின் புதிய பகுதிகளை வெளியிடவிருந்த நெட்ஃபிளிக்ஸ், 2016 அக்டோபர் 5 அன்று ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 200 காபிக் கடைகளை அத்தொடரின் ‘லூக்ஸ்’ உணவகமாக வேடமிட வைத்தது. உரிமம் பெறாதவர்களின் கதை வேறு: ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் பெயரில் 2017இல் சிகாகோவில் தோன்றிய மதுக்கூடம் ஒன்றுக்கு, அதே நெட்ஃபிளிக்ஸ் தொடரின் பேச்சுநடையிலேயே வேடிக்கையாக ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அறிவித்த ஆறு வாரங்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

சிகாகோவில் மூடப்பட்ட தி மேக்ஸ், 2018இல் கலிபோர்னியாவின் மேற்கு ஹாலிவுட்டில் மீண்டும் முளைத்தது. 2019 ஜூலையில் அதே கட்டடத்தில், தொண்ணூறுகளின் வேறொரு நகைச்சுவையிலிருந்து எடுத்த ‘குட் பர்கர்’ என்னும் உணவகம் திறக்கப்பட்டது.