ஆலைக் கூரையில் விழும் மழை ஏரிக்கு வருமா?

தொழிற்பேட்டைக்குக் கீழே ஏரிப் பாசனம் செய்கிறவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் கவலைதான். திருவள்ளூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அப்போது சம்பாப் பயிர் கழனியில் நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் மண் தெரியாதபடி கூரையும் தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் மூடியிருப்பதால், மழை நிலத்தில் ஊறாமல் ஒரே மூச்சில் ஓடி வரும். நாலு நாள் கழித்து ஏரியைப் பார்த்தால் வரத்தே இருக்காது.

கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர். தகரக் கூரையானால் அதில் சுமார் 90,000 லிட்டர் வடிந்துவிடும். 33 அடிச் சதுரத்தில் மூன்றேகால் அடி ஆழக் குட்டை இருந்தால் அத்தனையும் அதில் அடங்கும்.

ஆலை வளாகத்துக்கு வரைபடம் போடும்போதே இதற்கு வழி செய்யவேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு குழி தோண்ட இடம் தேடுவதால் பயனில்லை. முதலில் நிலத்தின் சரிவையும், பழைய வரத்துக் கால்வாய் போன தடத்தையும் குறிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் வாய்க்கால் புறம்போக்கு எதுவென்று தெரியும். அந்தத் தடத்தை மறித்து மதில் எழுப்பினால் ஏரிக்கு வரத்து போகும். வெள்ளமோ வேறு வழி தேடி ஊருக்குள் நுழையும்.

கூரைத் தண்ணீரையும் தரைத் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. கோடைக்குப் பின் வரும் முதல் மழையைக் கழித்துவிட்டால் கூரை நீர் பெரும்பாலும் சுத்தமானது. குட்டைக்கோ கசிவுக் குழிக்கோ விடலாம். லாரி நிற்கும் முற்றத்து நீரில் எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். அதை வண்டல் தொட்டியில் நிறுத்தவேண்டும். வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் எண்ணெய் மேலேயே தங்கிவிடும். பிறகு வெட்டிவேர் நட்ட அகன்ற, ஆழமில்லாத வாய்க்காலில் மெல்ல ஓடவிட்டால் மண்டியும் படியும். ஆலைக் கழிவுநீருக்கு மழைநீர் வாய்க்காலில் இடமே கிடையாது. மூலப்பொருளும் சாம்பலும் திறந்த வெளியில் குவித்த இடத்து நீரை நிலத்துக்குள் இறக்கினால் ஊர்க் கிணறுகள் கெடும். மீஞ்சூர்ப் பக்கம் அதிகமாக இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பான கதையை இந்த மாவட்டத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. கெட்ட நிலத்தடி நீர் சுலபத்தில் திரும்பாது.

எல்லா மண்ணும் குடிக்காது. ஓர் அடிக் குழி வெட்டி, நீர் விட்டு ஊறவைத்து, மாலையில் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே கசிவுக் குழி வீண், குட்டைதான் சரி. குட்டைக்கும் கலங்கல் வேண்டும். அதன் வழி பழைய வரத்துக் கால்வாயில் சேரவேண்டும்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் தூர்ந்துபோன குழியும் கணக்கில் ஒரு குழிதான்! பக்கத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 2020-ல் 50 கோடி கன அடி நீர்த்தேக்கம் அமைந்தது. அது சென்னையின் குடிநீருக்கு. சிற்றேரிப் பாசனக்காரர் தம் வரத்தைத் தாமேதான் கேட்டு வாங்கவேண்டும்.

புதிய வளாகம் வருகிறதென்றால் கிராம சபையில் வரத்துக் கால்வாயின் சர்வே எண்ணைச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். நிறம் மாறிய நீர் வந்தால் நாளையும் நேரத்தையும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் எழுதுங்கள். வண்டல் தொட்டியைத் தூர் எடுத்தார்களா என்று ஆவணிக்குள் கேட்டுவிடுவது நல்லது. ஐப்பசியில் கேட்டால் பதில் தண்ணீரோடு வந்துவிடும்.