காலை வெட்டாமல் காப்பாற்றிய மெல்லிய குழாய்... ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்த கதை!

1964, ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலுள்ள ஒரேகான் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 82 வயதுப் பாட்டி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள் டாக்டர்கள். பாட்டியோ சம்மதிக்கவே இல்லை.

கடைசி முயற்சியாக, ரேடியாலஜி துறைத் தலைவர் சார்லஸ் டாட்டரிடம் அவர் அனுப்பப்பட்டார்.

அன்று என்ன நடந்தது?

பாட்டியின் தொடை ரத்தக்குழாய் ஓரிடத்தில் மிகவும் குறுகியிருந்தது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஒரு மெல்லிய கம்பியை அந்த இடத்தைத் தாண்டிச் செலுத்தினார் டாட்டர். கம்பியின் மேல் ஒரு குழாய், அதன் மேல் அதைவிடப் பெரிய குழாய் என நுழைத்து, குறுகிய பாதையை அகலப்படுத்தினார். சில நிமிடங்களில் சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடானது! புண் ஆறியது. இறக்கும்வரை பாட்டி சொந்தக் காலில்தான் நடந்தார்.

டாட்டருக்கு உதவியவர், அங்கே பயிற்சியிலிருந்த மெல்வின் ஜட்கின்ஸ். இதய ஆஞ்சியோகிராமில் பயன்படும் 'ஜட்கின்ஸ் கதீட்டர்' இவர் பெயரில் வந்ததுதான்.

கிறுக்கு டாக்டர்!

எக்ஸ்ரே டாக்டரின் வேலை படம் எடுப்பது மட்டுமே என்றிருந்த காலம் அது. டாட்டரைக் 'கிறுக்கு சார்லி' என்றே அழைத்தார்கள். அமெரிக்க டாக்டர்கள் தயங்கினாலும், ஐரோப்பிய டாக்டர்கள் இம்முறையைப் பின்பற்றினார்கள். ஸூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக், குழாயின் நுனியில் பலூனைப் பொருத்தினார். 1977-ல் அதே பலூன் இதய ரத்தக்குழாய்க்குள்ளும் நுழைந்தது.

இன்று எதற்கெல்லாம்?

பக்கவாதம் வந்தவரின் மூளையில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை வெளியே எடுக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கை நிறுத்தலாம். கருப்பை நார்த்திசுக் கட்டிக்குச் செல்லும் ரத்தத்தைத் தடுத்து, அதைச் சுருங்கச் செய்யலாம். பல சிகிச்சைகளுக்கு அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். ஆனால், எல்லா அடைப்புக்கும் இது பொருந்தாது. சிலருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சைதான் சரி.

டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

சிறுநீரகப் பிரச்னை, அலர்ஜி, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை... இவற்றை சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். படம் தெளிவாகத் தெரிய செலுத்தப்படும் மருந்து சிலரின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். குழாய் நுழைத்த இடத்தில் ரத்தக்கசிவும் ஏற்படலாம்.

நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் குறைகிறதா? பாதத்தில் ஆறாத புண் இருக்கிறதா? புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது. கால் திடீரெனச் சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சில மணி நேரத் தாமதம்கூட காலைப் பறித்துவிடலாம்!